கூரையில் செருகிய கொப்பி

அக்கா வயதுக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் வயிற்றெரிச்சல்.

நோர்வூட்டுக்கு மேலே மலையில் இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். ராகலையிலிருந்து மாமா வந்து, எங்கள் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் அம்மா கோவா நட்டிருந்த காய்கறிப் பாத்தியின் ஓரத்தில், மானாப் புல்லால் ஒரு குடிசை கட்டினார். அதில் அக்கா பதினாறு நாள் யாரோடும் ஒட்டாமல் இருக்க வேண்டும். தனித் தட்டு, தனிக் கோப்பை, தனிப் பாய். ஒரே அறையில் காலை நீட்ட இடமில்லாமல் நாங்கள் எல்லோரும் முடங்கிக் கிடக்க, அவளுக்கு மட்டும் ஒரு முழுக் குடிசை. போதாததற்கு எங்கள் கோழி இட்ட முட்டையெல்லாம் நல்லெண்ணெயோடு அங்கேதான் போனது. உளுந்தங்களியும் அங்கேதான் போனது. சட்டியை வழித்து நக்கும் வேலைதான் எனக்கு.

"எனக்கும் ஒரு குடிசை கட்டிக் குடுங்க மாமா" என்று கேட்டேன். லயத்துப் பெண்களெல்லாம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் யாரோடும் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். அதையும் யாரும் கவனிக்கவில்லை.

அக்கா மீது எனக்கு இருந்த எரிச்சல் இன்று நேற்று வந்ததல்ல. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே மண்டபம், ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்கு மேல் வகுப்பு இல்லாததால் அக்கா ஐந்தையே இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருந்தாள். வாத்தியாருக்கு அவள்தான் கண். அவளுக்கென்று ஒரு கொப்பி கொடுத்து, தினம் ஓர் இங்கிலீஷ் சொல்லும் அதன் சொந்தபந்தங்களும் எழுதிக் கொடுப்பார். ஒவ்வொன்றுக்கும் அக்கா சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும். கொப்பி நிறைந்ததும் அட்டனில் இருக்கும் பெரிய பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டி, அவளைச் சம்பளமில்லாமல் சேர்த்துவிடுவதாக அவர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்பாவும் தலையாட்டியிருந்தார். "அவங்க சேத்துக்கிட்டா படிக்கட்டும் சார். இல்லாட்டி, சடங்கு முடிஞ்சதும் கொழுந்தெடுக்கப் பேர் பதிஞ்சிருவேன்" என்றார்.

குடிசையில் இருக்கும்போது புத்தகத்தைத் தொட்டால் சரஸ்வதிக்கு ஆகாது என்பது அம்மாவின் கட்டளை. அக்காவோ கொப்பியைப் பாவாடைக்குள் மறைத்து உள்ளே கொண்டுபோய், கூரைப் புல்லுக்குள் செருகி வைத்திருந்தாள். வாத்தியார் தரும் சீட்டை நான் ஒரு கல்லில் சுற்றி எறிய வேண்டும். அவள் பொறுக்கிக்கொள்வாள். இந்தத் திருட்டு வேலைக்கு எனக்குக் கூலி அரை முட்டை.

பதினான்காம் நாள் வந்த சொல் 'ரிசர்வ்ட்'. அதிகம் பேசாமல் தன் பாட்டில் இருப்பவர், அதில் குற்றமில்லை என்றார் வாத்தியார். அதோடு மூன்று சொந்தங்கள். 'அலூஃப்' என்றால் மற்றவர்களை மதிக்காமல் விலகி நிற்பவர். 'வித்ட்ரான்' என்றால் தனக்குள்ளேயே சுருங்கிப் போனவர். 'டிஸ்டன்ட்' என்றால் பக்கத்திலேயே இருந்தாலும் மனசால் எட்ட இருப்பவர். "நாலும் அண்ணன் தம்பிதான். ஆனா ஒருத்தன் சட்டை இன்னொருத்தனுக்குச் சேராதுன்னு அக்காகிட்ட சொல்லு" என்று என்னை அனுப்பினார்.

மறுநாள் அக்கா எழுதி முடித்ததைத் தமிழில் எனக்குச் சொல்லிக்காட்டினாள். முதல் சொல்லுக்கு எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை. இரண்டாவதற்குத் தோட்டத்தை ஆளும் துரை. மூன்றாவதற்கு, புருஷன் செத்ததிலிருந்து வாசலுக்கே வராத பக்கத்து லயத்து அம்மா. நான்காவதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. "என் தங்கச்சி தெனம் வர்றா. ஆனா எட்டவே நிக்கிறா."

எனக்கு உச்சி குளிர்ந்தா போகும்? கிட்டே போனால் தீட்டு, அந்தக் குளிரில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அதனால் எட்ட நின்றேன். அதைப் போய்த் துரைக்குப் பக்கத்தில் எழுதி, அட்டன்வரை என் மானத்தை வாங்கப் பார்க்கிறாளே என்று பொருமினேன்.

பதினாறாம் நாள் காலையில் அக்காவுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றிய பிறகு அவள் குடிசைப் பக்கம் திரும்பிப் போகக்கூடாது. குடிசையை மாமா கொளுத்திவிடுவார், அதுதான் வழக்கம். குளிக்க எழுந்து போகிறபோதே அக்கா, எட்ட நின்ற எனக்கு மட்டும் கேட்கும்படி, "மாமா நெருப்பு வைக்கறதுக்குள்ள கொப்பிய எடுத்துருடி. ஒன்னத்தான் நம்பியிருக்கேன்" என்றாள். நானும் தலையாட்டினேன்.

எடுக்கத்தான் போனேன். போகிற வழியில் வாசலைப் பார்த்துவிட்டேன். அம்மா தன் கல்யாணச் சேலையை அக்காவுக்குக் கட்டிக்கொண்டிருந்தாள். தொட்டுப் பார்த்ததற்கே என்னை அடித்த சேலை. தலை நிறையப் பூ, கை நிறைய வளையல். என் சட்டையில் தோள்பட்டை கிழிந்திருந்தது. அதைத் தைத்துத் தரக்கூட ஆளில்லை. இவ்வளவும் இருக்கிறவளுக்கு ஒரு கொப்பி போனால்தான் என்ன என்று தோன்றியது. கோவாப் பாத்தியருகே போய் நின்றேன். மாமா நெருப்புக்குச்சியைக் கிழித்தார். காய்ந்த மானாப்புல் சடசடவென்று பிடித்துக்கொண்டது. கையை நீட்டினால் எடுத்திருக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மணையில் உட்கார்ந்திருந்த அக்கா, எடுத்துவிட்டாயா என்று கண்ணால் கேட்டாள். எடுத்துவிட்டேன் என்று தலையசைத்தேன்.

ஆட்கள் கலைந்ததும் கேட்டாள். மறந்துவிட்டேன் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள், அம்மாவிடம் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொன்னால் கொப்பி குடிசைக்குள் இருந்த கதையும் வெளியே வந்துவிடும் என்பது எனக்குத் தைரியம். அவள் தன் தலையிலிருந்த பூவை எடுத்து என் தலையில் வைத்தாள். மறுநாள் கொப்பி கேட்டு வந்த வாத்தியாரிடம், "என்னால முடிக்க முடியல சார்" என்றாள். அட்டன் பேச்சு அதோடு முடிந்தது.

அந்த வாரமே அப்பா அக்காவுக்குக் கொழுந்தெடுக்க ஒரு புதுக் கூடை வாங்கி வந்தார். மூங்கில் வாசனை போகாத கூடை, முறுக்கிய புதுக் கயிறு. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் அவளுக்குத்தானா என்று தரையில் புரண்டு அழுதேன். அக்கா என்னைத் தூக்கி நிறுத்தி, கயிற்றை என் தலையில் மாட்டி, கூடையை முதுகில் தொங்கவிட்டாள். லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அதைச் சுமந்துகொண்டு, அக்காவின் பொருளை ஒருவழியாகப் பறித்துவிட்ட பெருமையோடு நடந்தேன்.