கேட் தூணில் எழுதிய வைஃபை

ஆறாம் வகுப்போடு ரப்பர் தோட்டத்துப் பால்மரக் காட்டுக்குப் போனவன் நான். ஆனாலும் மலேசியாவில், செமோரில், ஈயக் குட்டையைத் தூர்த்த மண்ணில், ஒருவரும் கால் வைக்காத இடத்தில் லாரிப் பட்டறை போட்டேன். தோட்டத்தை விற்று, நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்தபோது, தோட்டத்துக் கோயிலைத் தொடவிடாமல் முன்னால் போய் நின்றேன். அதே மண்ணில் எழுந்த தமான் குடியிருப்பில் வீடு வாங்கினேன். எழுபது வயதில் இரண்டு விரலால் கணினி தட்டவும் கற்றுக்கொண்டேன். எதையும் எனக்கு யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை.

லயத்தில் வரிசைக்கு ஒரே தண்ணீர் பைப், பூட்டு கிடையாது. அந்தப் பழக்கத்தில்தான் என் வைஃபை பாஸ்வேர்டைக் கேட் தூணில் பெயிண்டால் எழுதி வைத்தேன். எங்கள் வீட்டு வரிசை முழுக்க என் வைஃபைதான்.

கோயில் நிலத்தைக் கோயில் பேருக்கே மாற்ற, பழைய தோட்டக் குடும்பங்களின் பட்டியலை நில அலுவலகம் கேட்டது. ஒரு பொய்ப் பெயர் இருந்தாலும் மனு விழுந்துவிடும். வீடு வீடாக ஏறி இறங்கி, நானே தட்டினேன். புதுக் கணினி, இந்த நெட்வொர்க் பிரைவட்டா பப்ளிக்கா என்று கேட்டது. என் வீடு, என் பில். இதில் என்ன சந்தேகம்? பிரைவட்டை அமுக்கினேன். மனைவி தன் லேப்டாப்பிலிருந்து திருத்தட்டும் என்று, பட்டியல் இருந்த போல்டரையும் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து வைத்தேன்.

மனுக் கொடுக்கும் வாரம் அவள் கேட்டாள்: "என்னாங்க, இந்தக் காம்பார் ஊர்க் குடும்பம் எப்ப நம்ம தோட்டத்துல இருந்திச்சு?"

அது நான் தட்டியதில்லை. நேரே பக்கத்து வீட்டுக்குப் போனேன். என்னோடு ஒரே நிரையில் பால் வெட்டியவர், மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார்.

"மச்சான், என் பட்டியல்ல கை வச்சியா?"

"ஆமாலா. என் கம்ப்யூட்டர்ல உன் போல்டர் தெரிஞ்சிச்சு. மாமியார் வீட்டு ஆளுங்கள சேத்துட்டேன். வருஷா வருஷம் திருவிழாவுக்கு வாராங்கல்ல?"

"திருவிழாவுக்கு வந்தா தோட்டத்து ஆளா? அப்ப பஞ்சுமிட்டாய் விக்கிறவனையும் சேத்திருக்கலாமே!"

"அவனுக்கு உன் பாஸ்வேர்டு தெரியாதே மச்சான்."

சிரித்துவிட்டேன். தூணில் எழுதியது நான்தானே.

வீட்டில், பள்ளி அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற என் மனைவி சொன்னாள்: "வீடு உங்களோடதுதான். வைஃபைக்குள்ள தமானே உக்காந்திருக்கு. அப்புறம் என்னா பிரைவட்டு?"

அப்போதுதான் பிடிபட்டது. பிரைவட் என்றால், இந்த வைஃபையில் இருப்பவர்கள் எல்லாரும் நம் ஆட்கள் என்று கணினியிடம் சொல்வது. அது தன்னைக் காட்டிக்கொள்ளும். திறந்து வைத்ததை எல்லாருக்கும் கொடுக்கும். பப்ளிக் என்றால் காப்பிக்கடையில் உட்கார்ந்த மாதிரி; இணையம் வரும், பக்கத்து மேசைக்கு நம் கணினி தெரியாது. பெயரை வைத்து நான் தலைகீழாக நினைத்திருந்தேன்.

பப்ளிக்குக்கு மாற்றினேன். தூணில் எழுதியதை அழிக்கவில்லை. மனைவிதான் இப்போது திருத்த என் மேசைக்கு வர வேண்டியிருக்கிறது, முணுமுணுக்கிறாள். காம்பார் ஆட்களை நீக்கி, என் நோட்டுப் புத்தகத்தோடு ஒவ்வொரு பெயரையும் மறுபடி ஒத்துப் பார்த்துக் கொடுத்தேன். மனுவை ஏற்றுக்கொண்டார்கள்.

கோயில் செயலவைக் கூட்டத்தில் தலைவர் அதைச் "செயலவை தயாரித்த பட்டியல்" என்றார். செயலவையில் ஒருவர்கூட ஒரு எழுத்தும் தட்டவில்லை. கோயில் கல்வெட்டில் பட்டியல் தொகுத்தவர் என்று என் பெயர் தனி வரியில் வர வேண்டும். பிழையைக் கண்டவள் என்று என் மனைவியின் பெயரை அதற்குக் கீழே போடுங்கள். இதை எழுத்திலேயே கேட்கிறேன்.