விருது வாங்கிய வசவு

அண்ணி பகலில் வங்கியில் காசாளர். வீட்டுக்கு வந்தால் நாவல் மொழிபெயர்ப்பாளர். ஒரு நாவலில் மாமியார் மருமகளைத் திட்டும் இடம் மட்டும் தமிழில் உப்புச்சப்பில்லாமல் நின்றது. எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

"அடுப்பே குளிக்குது, மகாராணிக்கு எழுத்து கேக்குதா?" என்று கத்தினாள் என் அம்மா. அவள் வாய்க்கு நாங்களே நடுங்குவோம். அண்ணியோ அதை அப்படியே நாவலில் எழுதிவிட்டார்.

இந்த ஆண்டின் சிறந்த மொழிபெயர்ப்பு விருது அந்த நாவலுக்குத்தான். நடுவர்கள் மெச்சியதும் அந்தத் திட்டைத்தான். அண்ணி பயந்துகொண்டே அம்மாவிடம் உண்மையைச் சொன்னார். அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இத்தனை வருஷமா திட்டுறேன், ஒண்ணைத்தான் எழுதினியா?"

இப்போதெல்லாம் திட்டுவதற்கு முன் அம்மா கேட்கிறாள்: "பேனா எடுத்துக்கிட்டியா?"