இரண்டு ரிங்குக்கு மேலே

தையல் மெஷின் பலகையில் கிடக்கும் செல்போன், மணி அடிப்பதற்கு முன்னால் ஒரு தரம் உறுமும். அந்த அதிர்வில் பக்கத்து டப்பாவிலிருக்கும் குண்டூசிகள் சலசலக்க, அம்மா சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வாள். போனை மட்டும் எடுக்கமாட்டாள்.

எங்கள் வீடு சமயநல்லூரில். அப்பா மாட்டுத்தாவணியில் இன்னொருவருடைய லோடு ஆட்டோவை ஓட்டினார். பூ மூட்டையோ வெற்றிலைக் கூடையோ, ஏற்றிப்போகக் கிடைத்தால்தான் அன்றைக்குக் கூலி. கிடைத்துவிட்டால் ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவார். வீட்டுக்குக் கிளம்பினால் இரண்டு. அம்மா உலை வைப்பாள். "மிஸ்டு கால்" என்ற அந்தப் பாஷையில்தான் எங்கள் தெருவே பேசிக்கொண்டது. பால்காரர் அடித்தால் அம்மா பாத்திரத்தோடு வாசலுக்குப் போவாள், டியூஷன் அக்கா அடித்தால் நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். "எடுத்தா அடிச்சவங்க பேலன்ஸ் போயிரும், பாத்துக்க" என்று போன் வாங்கிக் கொடுத்த அன்றே அப்பா சொல்லிவிட்டார்.

எனக்கு அந்தக் காத்திருப்பு கொஞ்சமும் பிடிக்காது. வெயில் ஏறியும் ரிங் வரவில்லையென்றால் அம்மாவுக்கு வேலை ஓடாது, நூல் அறுந்துகொண்டே இருக்கும், கோபம் என் தலையில் விடியும். "மாசம் பொறந்தா சம்பளம்னு ஒண்ணு வந்தா, இந்தப் பாழாப்போன போனை நான் ஏன் பாத்துக்கிட்டு கெடக்கேன்" என்பாள். அவள் வாழ்க்கையில் ஆசைப்பட்டதே அந்த மாதச் சம்பளம் ஒன்றுக்குத்தான்.

ஒருநாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டே, ஓசூரில் ஒரு கம்பெனிக்கு டிரைவர் எடுக்கிறார்களாம் என்றார். அம்மா வாயைத் திறக்கவில்லை. ஆசையை வெளியே காட்டினால் காரியம் கெட்டுப்போகும் என்று அவளுக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. அப்பாவோ, இவளுக்கு ஊரைவிட்டு வர மனசில்லை போல என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு மதியம் போன் அடித்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினோம், நிற்கவில்லை. முழுதும் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. நான் கையை நீட்டினேன்.

"எடுத்துராத பாப்பா. அப்பா பாக்கெட்டுல கெடந்து தானா அடிக்குது. எடுத்தா இருக்கிற காசும் போயிரும்."

இன்னொரு தரமும் அடித்தது. குண்டூசிகள் சலசலத்து அடங்கின. அம்மா மெஷினை ஓட்டத் தொடங்கினாள்.

சாயங்காலம் அப்பா வந்து காலைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அந்த ஓசூர் கம்பெனி ஆளு வந்திருந்தான். இப்பவே முடிவைச் சொல்லுங்கண்ணேன்னு நின்னான். உன்னையக் கேக்கத்தான் அடிச்சேன். இம்புட்டு நேரம் அடிச்சா அதுக்குத்தான்னு உனக்குத் தெரியாதா? நீ எடுக்கல. சரி, உனக்கு இஷ்டமில்லன்னு வேணாம்னுட்டேன்."

அம்மா உள்ளே போய் உலையில் அரிசியைப் போட்டாள். நெடுநேரம் அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. வண்டி ஓட்டுவதை விடும்வரை அப்பா கூலிக்கே ஓட்டினார்.

இன்று நான் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் முன்னால் வேலை பார்க்கிறேன். மாதச் சம்பளம்தான். நாள் முழுக்க மீட்டிங், எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், முடிந்தபின் என்ன முடிவானது என்று கேட்டு இன்னொரு மீட்டிங் போடுகிறார்கள். குளிக்கும்போதுகூடப் போன் அடிப்பதாகத் தோன்றி, தலையில் நுரையோடு தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். பேசுவதற்குத் தனியாகக் காசு போவதில்லை. ஒரு ரிங்குக்கும் இரண்டு ரிங்குக்கும் இப்போது அர்த்தமுமில்லை.

அம்மா எந்தப் போனையும் அடிக்க விடுவதில்லை. மாவுக் கையோடு ஓடிவந்து எடுக்கிறாள். லோன் வேண்டுமா என்று கேட்கும் பதிவு செய்த குரலுக்கும் "சொல்லுங்க, சொல்லுங்க" என்கிறாள். அப்பா டீக்கடையிலிருந்து கிளம்பும்போது, பழக்கதோஷத்தில், இரண்டு ரிங் விட்டு வைத்துவிடலாம் என்றுதான் இன்னமும் அடிக்கிறார். முதல் ரிங் முடிவதற்குள் அம்மா எடுத்துவிடுகிறாள்.

"ஏன் எடுத்த? நான் வாரேன்னு சொல்லத்தான் அடிச்சேன்."

"அத வாயால சொல்லுங்க" என்கிறாள் அம்மா.