கோழிப்பண்ணைச் சனி

புனேயில் நான் சேர்ந்த வான்நோக்கர் சங்கத்தில் வானத்தைப் பார்த்தவர்கள் குறைவு. தலைவருக்கு சிஞ்ச்வட்டில் மோட்டார் உதிரிபாகப் பட்டறை. வெளிநாட்டிலிருந்து தருவித்த தொலைநோக்கி ஒன்று வைத்திருந்தார். பொத்தானை அழுத்தினால் அதுவே கிரகத்தைத் தேடிப் பிடிக்குமாம். அதனால் அவர் ஒரு நட்சத்திரத்தைக்கூட அடையாளம் காணக் கற்றதில்லை.

இரண்டாயிரத்தொன்று நவம்பரில், அமாவாசையை ஒட்டி, இரண்டு ஜீப்புகளில் கடக்வாஸ்லா அணைக்கு அப்பால் நீர்க்கரையோரம் ஒரு மேட்டுக்குப் போனோம். என் மனைவியும் வந்தாள். இருட்டைத் தேடி அவ்வளவு தூரம் வந்தவர்கள் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு பாவ்பாஜி தின்றார்கள். டேப்பில் பாட்டு வேறு.

ஒருவழியாகத் தலைவர் சனி கிரகம் சிக்கிவிட்டதாக அறிவித்தார். எல்லாரும் வரிசையில் நின்றார்கள். கண்ணை வைத்தவரெல்லாம் "வாஹ், க்யா பாத் ஹை!" என்றார்கள். நானும் பார்த்தேன். மங்கலான மஞ்சள் உருண்டை, வளையம் இல்லை. சனி ரோகிணிக்குப் பக்கத்தில் உயரத்தில் இருந்தது. இவர் குழாயோ எதிர்க்கரையைப் பார்த்துப் படுத்துக் கிடந்தது. தெரிந்தும், "பஹுத் அச்சா, சாப்" என்றேன். வீடு திரும்ப அவர் ஜீப் வேண்டுமே. மற்றவர்கள் அறியாமல் புகழ்ந்தார்கள். நான் அறிந்தே புகழ்ந்தேன். அங்கே என்னைவிடக் கேவலமானவன் இல்லை.

அடுத்து மனைவி பார்த்தாள். "என்னங்க, இது அக்கரைக் கோழிப்பண்ணை பல்பு இல்ல? வர்றப்ப பாத்தோமே." பிறகு தலைவரிடம், "பாய்சாப், ஏ தோ பல்ப் ஹை."

"பாபிஜி, கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது" என்று அவர் ஹிந்தியில் பாடம் எடுக்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து எதிர்க்கரையில் கரண்ட் போனது. சனியும் போனது.

குனிந்து பார்த்த தலைவர், "மேகம் வந்துவிட்டது" என்றார். வானத்தில் துணுக்கு மேகம் இல்லை. அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினார்கள். மனைவி மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

"பிடிக்காதவர்கள் வேறு வண்டி பார்த்துக்கொள்ளலாம்" என்றார் அவர்.

இருவரும் மேட்டைவிட்டு இறங்கி நடந்தோம். கரண்ட் வரவே இல்லை. தலைக்குமேல் எரிகற்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழித்துக்கொண்டு போயின. அணைச் சாலையில் முதல் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தபோது அவள் கேட்டாள்:

"நீங்க பாத்தப்பவே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

அதன்பின் பஸ் புனே ஸ்வார்கேட் நிலையம் வந்து சேரும்வரை அவள் என்னிடம் பேசவில்லை.