மடுகரை அருகே பாதியில் நின்ற ஆராதனை

காலை 6.40. புதுச்சேரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் வாடகை ஸ்கூட்டர் எடுத்தேன். நாளுக்கு நானூறு ரூபாய், பெட்ரோல் நம் பாடு. போக வேண்டியது மடுகரைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர், ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். அங்குள்ள சின்னச் சபையில் தை மாதக் கடைசி ஞாயிறு அறுப்பின் பண்டிகை. “பாட்டைக் கேட்கவாவது ஒருமுறை போய் வா” என்று நண்பர் ஒருவர் நச்சரித்திருந்தார். சென்னையில் இருபத்திரண்டு வருடமாகச் சபைப் பாடகர் குழுவில் நிற்பவன் நான். சுருதி விஷயத்தில் யாரையும் விடமாட்டேன். போன வருடம்கூட, சுருதி சேரவில்லை என்று ஒரே வார்த்தையில் சாமுவேல் என்பவரைக் குழுவிலிருந்து அனுப்பிவைத்தேன். அதில் எனக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

7.15. வில்லியனூரில் டீ, பன்னிரண்டு ரூபாய். கடைக்காரரிடம் வழி கேட்டேன். “ஏம்பலம், நெட்டப்பாக்கம், நேரா வுடு சார். கரும்பு வண்டி வந்தா மட்டும் ஒதுங்கிக்கோ” என்றார். வண்டி வந்தது, ஒதுங்கினேன். நெட்டப்பாக்கம் தாண்டியதும் சாலையின் இருபுறமும் அறுத்த வயல்கள், வைக்கோல் வாசனை.

8.50. ஓட்டுக்கூரை போட்ட சபை. உள்ளே எண்பது பேர் இருப்பார்கள், எல்லோரும் பாயில். முன்னே பீடத்துக்கு ஏறும் ஒற்றைப் படி. ஒவ்வொரு குடும்பமும் தன் வயலில் முதலில் அறுத்த கதிர்க்கட்டை அந்தப் படியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தது. பாட்டு தொடங்கியது. தபேலா ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். இதற்கா முப்பது கிலோமீட்டர் என்று மனதுக்குள் முணுமுணுத்தேன்.

என் பக்கத்தில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. முன்வரிசைப் பெண்கள் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பெயர் அருள்ராஜ் என்பதும், அந்தச் சபையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவரே அவர்தான் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

9.40. போதகர் எழுந்தார். காணிக்கையைப் படைக்கும் முன் அந்தச் சபையில் ஒரு வழக்கம். “யாராவது யார் கிட்டயாவது போக வேண்டியது இருக்கா? போய்ட்டு வாங்க. நாங்க இருக்கோம்” என்றார். நான் ஆராதனை முடிந்தது என்று நினைத்துச் செருப்பைத் தேடி எழுந்துவிட்டேன்.

என்னோடு அருள்ராஜும் எழுந்தார். “ஐயா, நான் போவணும்” என்றார். போதகர் தலையசைத்தார். வெளியே வந்தவர் என் ஸ்கூட்டரைப் பார்த்தார். “சார், ரெண்டு கிலோமீட்டர். கொண்டுபோயி வுடறீங்களா?”

வண்டியில் போகும்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் பேசினார். தலைமுறை தலைமுறையாகக் கூலி வேலை செய்த குடும்பம். அவர்தான் முதன்முதலில் சொந்தமாகப் பயிர் வைத்தவர், அதுவும் குத்தகைக்கு. நிலக்காரர் ஏழுமலை. பாதி நிலம் அருள்ராஜுக்கு, மீதியில் ஏழுமலையே பயிர் வைத்திருந்தார். மோட்டார் ஒன்றுதான். ஆளுக்கு ஒரு நாள் தண்ணீர் முறை. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஏழுமலையின் மனைவிக்கு உடம்பு முடியாமல் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருக்க நேர்ந்தது. “என் முறையன்னிக்கு என் வயலுக்கும் நீயே தண்ணி கட்டிடு” என்று சொல்லிவிட்டுப் போனார் அவர். அருள்ராஜ் ஆறு நாளும் தன் வயலுக்கே கட்டிக்கொண்டார். ஏழுமலை திரும்பி வந்து கேட்டதற்குக் கரண்ட் இல்லை என்றார்.

“என் கதிரு குனிஞ்சு நிக்குது சார். அவருது பதரு. அந்தக் குனிஞ்ச கதிரத்தான் போய் ஆண்டவர் முன்னாடி வெச்சிருக்கேன்.”

“சொன்னால் நிலம் போய்விடுமே?”

“போவும்.”

10.05. ஏழுமலை களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். நெல்லைவிடப் பதர்க் குவியல்தான் பெரிதாக இருந்தது. “இன்னாபா அருளு, கோயிலுக்குப் போவல?”

அருள்ராஜ் சுற்றி வளைக்கவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். ஏழுமலையின் கையிலிருந்த முறம் அப்படியே நின்றது.

“யாரு பாத்தா?”

“யாரும் பாக்கலண்ணா.”

“அப்பறம் இன்னாத்துக்குச் சொல்ற?”

“அந்தக் கதிர வெச்சிக்கினு என்னால பாட முடியலண்ணா. என் முறை வர்ற நாள்லயும் நீயே தண்ணி கட்டிக்கோ. அடுத்த போகம் பூரா.”

“அடுத்த போகம் உனக்கு நெலம் குடுத்தாதான?” ஏழுமலை முறத்தைத் தரையில் அடித்தார். “ஆஸ்பத்திரியில அவ பக்கத்துல கெடந்தன்டா நானு! உன்ன நம்பி உட்டுட்டுப் போனன்!” அதற்குமேல் வந்த வசவுகளை எழுத வேண்டாம். அருள்ராஜ் வழிந்த கண்ணீரைக்கூடத் துடைக்கவில்லை. எனக்கு அங்கே நிற்கவே கூசியது.

வண்டியை உதைத்துக் கிளப்பும்போது ஏழுமலை கூப்பிட்டார்.

“இருடா. அந்தக் கதிர்ல என் தண்ணியும் இருக்குல்ல? அங்க என் பேரயும் சேத்துச் சொல்லச் சொல்லு. நெலத்தப் பத்தி இன்னிக்குக் கேக்காத.”

10.30. சபையில் ஒருவர்கூடப் போயிருக்கவில்லை. குழந்தைகள் பாயில் தூங்கிவிட்டன. போதகர் அந்தக் கதிர்க்கட்டைத் தூக்கி, “அருள்ராஜ், ஏழுமலை” என்று இரண்டு பெயரையும் சொல்லிப் படைத்தார். அருள்ராஜ் பாட்டை எடுத்தார். அடித்தொண்டை, இடையிடையே அழுகையில் உடைந்தது, சுருதியும் அரைக்கட்டை இறங்கியே இருந்தது. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு பாட்டை நான் கேட்டதில்லை. எழுபது எண்பது பேரும் அந்த இறங்கிய சுருதிக்கே இறங்கிவந்து சேர்ந்துகொண்டார்கள்.

மதியம் கிளம்பும்போது அவரிடம் கேட்டேன். “நிலத்தை எடுத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்?”

“திருவாண்டார்கோயில் கம்பெனில காண்ட்ராக்ட் வேல கேக்கணும். கஷ்டந்தான். வூட்டுல இன்னும் சொல்லல.” பிறகு, “ஆனா வாய் தொறந்துடுச்சு சார்” என்றார்.

வழி நெடுக எங்கள் சென்னை சபையை நினைத்துக்கொண்டு வந்தேன். அங்கே ஆராதனை ஒன்றேகால் மணி நேரம், ஒரு நிமிடம் கூடாது. நடுவில் யாராவது எழுந்து போனால், கார் எடுக்கப் போகிறார் என்றுதான் நினைப்போம்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு குழுவில் நின்றேன். முதல் வரி வந்தது. எனக்கு வாய் திறக்கவில்லை. சாமுவேல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். உண்மையில் அவருடைய சுருதியில் ஒரு குறையும் கிடையாது. என்னைவிட நன்றாகப் பாடினார், அவ்வளவுதான். பாட்டுப் புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டு, எல்லோரும் பார்க்க, கடைசி வரிசைக்கு நடந்தேன்.