டொபிக் கடதாசியும் தோடும்

பின்னேரம் மூன்று பத்துக்குத்தான் மகளின் ஒரு காது வெறுமையாக இருப்பதைப் பார்த்தேன். கித்துல்கல ஆற்றங்கரைக்கு உறவினர்களோடு குளிக்கப் போயிருந்தோம். தொலைந்தது இறந்துபோன என் மனைவியின் தோடு. எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். மகள் அழுதபடி மேட்டுத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருக்கும் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள்.

படகு ஓட்ட வருபவர்கள் தொலைக்கும் மோதிரங்களை, உலோகம் கண்டால் கத்தும் மெஷின் வைத்துத் தேடிக்கொடுக்கும் ஒருவரைக் கரையோரத் தேநீர்க் கடைக்காரர் கூட்டிவந்தார். ஒல்லியான மனிதர், காதில் பெரிய ஹெட்போன். முதல் வேலையாகத் தன் பெல்ட்டையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி ஒரு கல்லில் வைத்தார்.

“போட்டிருந்த புள்ள எங்கங்க?”

“அவ எதுக்கு? நீங்க தேடுங்க.”

“சோடித் தோடாவது இருக்குங்களா? அதோட சத்தத்த கேட்டுக்குவேன்.”

“அதுவும் அவ காதுலதான்.”

அவர் சிரித்துக்கொண்டார். பிறகு மெஷின் கத்திய இடமெல்லாம் குந்தித் தோண்டினார். வந்ததெல்லாம் டொபி மிட்டாய் சுற்றிய வெள்ளிக் கடதாசி.

“அந்தச் சத்தம் வராம வைக்க ஏலாதா?” என்றேன்.

“ஏலுங்க. ஆனா சின்னத் தங்கமும் இதே மாதிரித்தான் கத்தும். அத வாயடைச்சா இதுவும் பேசாதுங்க.”

ஒவ்வொரு கடதாசியையும் மண்ணைத் தட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. அப்படியொரு பொறுமையை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. ஐந்தரைக்கு, கரையின் கடைசிப் பாறையடியில், தோடு கிடைத்தது. வாங்கி மண்ணைத் துடைத்தேன்.

அப்போதுதான் மகள் இறங்கி வந்தாள். பாறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இதுலதானேப்பா உக்காந்திருந்தேன். எங்கிட்ட கேட்டிருக்கலாமே.”