போல்ட்டைப் பாக்கெட்டில் வைத்துத் திரிந்த எம்ப்ரெட்

எம்ப்ரெட் தன் வீட்டுப் பாலாடைக்கட்டியைத் தினமும் அளந்து வைப்பார் என்று ரேனா ஆற்றங்கரையில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். அவர் அளந்தது சாராயத்தை. அடுக்களை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த, வீட்டிலேயே காய்ச்சிய சாராயப் பாட்டிலில், மட்டம் நிற்கிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்து வைப்பார். அவர் மனைவி பெர்த்தே ஒருநாள் எரிச்சலில் அதில் கொஞ்சம் தண்ணீரை ஊற்றி, மட்டத்தைக் கோட்டுக்கு மேலே ஏற்றிவிட்டாள். மனுஷன் மூன்று நாள் தூங்கவில்லை. எடுத்துக் குடிக்கிறவனைப் புரிந்துகொள்ளலாம். ஊற்றிவிட்டுப் போகிறவன் என்ன திட்டத்தில் வருகிறான்?

ஆற்றில் விடுவதற்கு முன்னால் மரங்களை அளந்து கணக்கு எழுதுவது அவர் வேலை. விற்கிற விவசாயி குறைத்து அளக்கிறார் என்பான். வாங்குகிற கம்பெனிக்காரன் கூட்டி அளக்கிறார் என்பான். இருபத்தாறு வருஷம் இரண்டு பக்கமும் வசவு வாங்கியவருக்கு ஊரில் யார்மேல்தான் நம்பிக்கை இருக்கும்? போதாததற்கு, எல்வெரும் பட்டணத்தில் ஒரு கடிகாரக்காரனிடம் பழுதுபார்க்கக் கொடுத்த கைக்கடிகாரம் திரும்பி வந்ததிலிருந்து தினமும் ஐந்து நிமிஷம் பின்னால் ஓடியது. உள்ளே இருந்த நல்ல சக்கரத்தை எடுத்துக்கொண்டு மட்டமானதைப் போட்டுவிட்டான் என்பது எம்ப்ரெட்டின் முடிவு. கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். கேட்காதவர்களுக்கும் சொல்லுவார்.

இப்பேர்ப்பட்டவர் ஒரு வேட்டைத் துப்பாக்கி செய்யக் கிளம்பினார்.

ஜெர்மன்காரன் தோற்றுப் போனபோது விட்டுச் சென்ற மௌசர் துப்பாக்கிகளை ராணுவம் ஜனங்களுக்கு விற்றது. எம்ப்ரெட்டும் ஒன்று வாங்கினார். மற்றவர்கள் குவியலில் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு போக, இவர் மட்டும் அரை நாள் குனிந்து நின்று நம்பர் பார்த்தார். துப்பாக்கியின் நடுவில் இருக்கிற இரும்புக் கூட்டில் ஒரு நம்பர் இருக்கும். அதற்குள் முன்னும் பின்னும் ஓடி, தோட்டாவைத் தள்ளிப் பூட்டுகிற தண்டு இருக்கிறதே, போல்ட், அதிலும் ஒரு நம்பர் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரே தொழிற்சாலையில் ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பிறந்த ஜோடி என்று அர்த்தம். அவருக்குக் கிடைத்தது 4417. இரண்டிலும் 4417.

முதல் குளிர்காலத்தில் கூட்டின்மேல் இருந்த ஜெர்மன் கழுகு முத்திரையை அரத்தால் ராவி எடுத்தார். அந்தப் பக்கத்தில் எல்லாரும் முதலில் செய்கிற காரியம் அதுதான். இரண்டாவது குளிர்காலத்தில் தோளில் வைத்துப் பிடிக்கிற பட்டாளத்து மரக்கட்டையைக் கழற்றி அடுப்பில் வைத்துவிட்டு, தீக்கொழுந்து மாதிரி வரி ஓடிய பிர்ச் மரத்தில் புதுக் கட்டை செதுக்கினார். மூன்றாவதில் அதற்கு ஆளி எண்ணெய் தேய்த்தார். தேய்த்தார், தேய்த்தார், உருளைக்கிழங்கிலும் ஆளி எண்ணெய் மணக்கும்வரை தேய்த்தார்.

"ஏய்யா, எனக்கு இப்படி ஒரு நாளாவது கால் பிடிச்சு விட்டிருக்கியா?" என்றாள் பெர்த்தே.

"உனக்கு நம்பர் இல்லையே."

பாக்கி இருந்தது குழல் மட்டும். பட்டாளத்துக் குழலுக்கான தோட்டா இனி சுலபத்தில் கிடைக்காது. எல்லாரும் சுடுகிற அமெரிக்கத் தோட்டாவுக்குப் புதுக் குழல் திருகி, அதன் பின்பக்கம் தோட்டா உட்காருகிற குழியைக் கடைய வேண்டும். அதற்குக் கடைசல் இயந்திரம் வேண்டும். அதாவது, இன்னொரு மனுஷன் வேண்டும்.

அவசரம் வந்தது பெர்த்தேயின் அண்ணன் ஆமுண்டால். ஊர் எல்க் வேட்டைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். குதிரையைவிட உயரமான அந்த மானை ஏழு பேர் சேர்ந்து அடிப்பார்கள். சிலர் நாயோடு காட்டுக்குள் நுழைந்து கலைப்பார்கள், சிலர் ஆளுக்கொரு இடத்தில் அசையாமல் நிற்பார்கள். சதுப்பு ஓரத்து இடம் எம்ப்ரெட்டுடையது. பதினோரு வருஷமாக ஆமுண்டிடம் இரவல் துப்பாக்கி வாங்கிக்கொண்டு அங்கே நின்றார்.

"மாப்ள," என்றார் ஆமுண்ட் செப்டம்பர் முதல் வாரத்தில். "இனிமே இரவல் கிடையாது. சனிக்கிழமை சுடுற பரீட்சைக்குச் சொந்தத் துப்பாக்கியோட வா. பாஸ் பண்ணினா சதுப்போரம் உனக்கு. இல்லன்னா நாயப் பிடிச்சுக்கிட்டு உள்ள போ. அந்த எடத்த என் மருமகன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

"எப்பலேருந்து கேக்குறான்?"

"அது எதுக்கு உனக்கு?"

"சும்மாதான். எப்பலேருந்து?"

திங்கட்கிழமை காலை எம்ப்ரெட் துப்பாக்கியைக் கோணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். அடுத்த ஊரில் பழைய பால் பண்ணைக் கட்டடத்தில் யோரன் பட்டறை வைத்திருந்தான். நாற்பது வயது, கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். எம்ப்ரெட் உள்ளே நுழைந்ததும் பார்த்தது கடைசல் இயந்திரத்தை அல்ல. ஜன்னலுக்குக் கீழே ஒரு மீன் பெட்டி. அதில் முப்பது நாற்பது போல்ட்டுகள், எண்ணெயில் பளபளத்துக்கொண்டு, ஹெர்ரிங் மீன் அடுக்கியது மாதிரி கிடந்தன. எல்லாம் ஒரே ஜாடை.

"வச்சுட்டுப் போங்கண்ணே. வியாழக்கிழமை தர்றேன்."

எம்ப்ரெட் துப்பாக்கியை மேஜையில் வைத்தார். போல்ட்டை உருவினார். கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பாக்கெட்டில் போட்டார்.

யோரன் அவரையே பார்த்தான். "அது எங்க போகுது?"

"வீட்டுக்கு."

"அண்ணே, குழி எவ்வளவு ஆழம்னு அத வச்சுத்தான் பாக்கணும்."

"வேணுங்கறப்ப சொல்லு. கொண்டு வர்றேன். பக்கத்துலயே நின்னு காட்டிட்டு எடுத்துட்டுப் போறேன்."

"பூசாரி சாமி நகை கொண்டு வர்ற மாதிரியா?"

எம்ப்ரெட் சிரிக்கவில்லை. மீன் பெட்டியை இன்னொரு முறை பார்த்தார்.

செவ்வாய் சாயங்காலமும் புதன் சாயங்காலமும் வேலை முடிந்து வந்து, ஒரு முக்காலியைப் போட்டு யோரனின் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். இயந்திரம் சுற்றும்போது சுற்றுகிற பக்கமாகவே தலையைச் சாய்த்தார். யோரன் பல் இடுக்கில் 'ச்' என்று ஒரு சத்தம் போட்டாலும், "என்ன ஆச்சு?" என்று எழுந்து வந்தார். புதன்கிழமை யோரன் உளியைக் கீழே வைத்துவிட்டான்.

"கெளம்புங்கண்ணே. உங்க மூச்சு என் காதுக்குள்ள போகுது. நாளைக்கு முடிச்சு பஸ்ஸுல அனுப்பறேன், போங்க."

போனார். போல்ட்டும் கூடவே போனது.

வியாழன் மாலை யோரன் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய துப்பாக்கி வீட்டுக்கு வந்தது. குழல் கறுப்பாக, நேராக, குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் இருந்தது. அதுவே எம்ப்ரெட்டுக்குச் சரியாகப் படவில்லை. களஞ்சியத்துக்குக் கொண்டுபோய்ப் போல்ட்டைச் செருகினார். மருந்தில்லாத வெற்றுத் தோட்டா ஒன்றைப் போட்டுத் தள்ளினார். கைப்பிடியைக் கீழே திருப்பினார். பாதியில் நின்றுவிட்டது. இன்னும் அழுத்தினார். நின்றது நின்றதுதான்.

"மாத்திட்டான்!" என்று கத்திக்கொண்டே அடுக்களைக்குள் வந்தார். "பெர்த்தே, கூட்டையே மாத்திட்டான்!"

"நம்பரப் பாருய்யா."

பார்த்தார். 4417. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இந்தக் கடைசி ஏழு கொஞ்சம் சாஞ்சிருக்கு. புதுசா அடிச்சிருக்கான்."

"அந்த ஏழு சாஞ்சிருக்குன்னு மூணு வருஷமா நீதான்யா சொல்லிக்கிட்டிருக்க. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

எம்ப்ரெட் பூதக்கண்ணாடியை மறுபடி அந்த ஏழின்மேல் வைத்தார். அந்த வீட்டில் அவர் சந்தேகப்படாத ஒரே சாட்சி பெர்த்தேயின் ஞாபகசக்திதான். சாராய மட்டம் ஏறிய நாளிலிருந்து அதையும் கொஞ்சம் சந்தேகப்பட்டார்.

வெள்ளிக்கிழமை மரக்கிடங்குக்கு லீவு சொல்லிவிட்டுத் துப்பாக்கியோடு முதல் பஸ்ஸில் போனார். யோரன் காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"பூட்டல."

"பூட்டாது," என்றான் யோரன். எழுந்துபோய் மீன் பெட்டியிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்துத் துப்பாக்கிக்குள் விட்டான், வெற்றுத் தோட்டாவைப் போட்டான், ஒரு விரலால் கைப்பிடியைத் தொட்டான். வெண்ணெய்க்குள் கத்தி இறங்குவதுபோல் இறங்கிப் பூட்டியது. "இப்ப உங்களோடது." எம்ப்ரெட் நீட்டிய போல்ட்டை வாங்கி உள்ளே விட்டான். பாதியில் நின்றது.

"எப்படி?"

"ஒரு போல்ட்டு மாதிரி இன்னொண்ணு இருக்காதுண்ணே. தலைமயிர் கனம் வித்தியாசம் போதும். இத வச்சு ஆழம் பாத்துக் குழி கடஞ்சேன், அதனால இதோட பொருந்திடுச்சு. உங்களோடது உங்க பாக்கெட்டுல ஊர் சுத்திக்கிட்டிருந்துச்சு. பொண்ண மணமேடையில உக்காத்தி வச்சுட்டு, மாப்பிள்ளைய நீங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, நான் என்ன பண்ணுவேன்? கெடச்சவனுக்குக் கட்டி வச்சேன்."

"எனக்குச் சொல்லியிருக்கலாம்ல? பஸ் புடிச்சு வந்திருப்பேன்ல?"

"வந்து? தோளுக்குப் பின்னால உக்காந்திருப்பீங்க." யோரன் காப்பிக் கோப்பையை வைத்தான். அவன் குரல் கொஞ்சம் மாறியது. "பத்து வருஷம் முன்ன எங்கப்பன் மரத்த நீங்க அளந்தீங்க. ஞாபகம் இருக்கா? நானும் பக்கத்துல நின்னு பாக்கணும்னு சொன்னேன். 'மூச்சு மேல விழுந்தா கணக்கு தப்பும், தள்ளிப் போடா'ன்னு வெரட்டினீங்க. போனேன். அந்த மரம் சரியாத்தான் அளந்தீங்களான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

எம்ப்ரெட்டுக்கு அந்த மரம் ஞாபகம் இல்லை. ஆனால் அந்த வார்த்தைகள் தன்னுடையவைதான் என்று தெரிந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை சொல்கிறவர் ஆயிற்றே.

"சரியாத்தான் அளந்தேன்," என்றார்.

"இருக்கும்," என்றான் யோரன்.

எம்ப்ரெட் தன் போல்ட்டை உருவி மறுபடி கைக்குட்டையில் சுற்றினார்.

"இப்ப ரெண்டு வழி," என்றான் யோரன். "என் போல்ட்ட எடுத்துக்கிட்டு உங்களோடதக் கொடுத்துட்டுப் போகலாம். இல்ல, உங்களோடத இங்க வச்சுட்டுப் போங்க. அத வச்சு அளந்து குழிய இன்னும் ஒரு மயிரிழை ஆழப்படுத்தறேன். நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க. ஆனா நீங்க இருக்கறப்ப மெஷினத் தொட மாட்டேன்."

நாளை இரண்டு மணிக்குப் பரீட்சை. மருமகன்காரன் இந்நேரம் சதுப்போரம் எந்த மரத்தில் சாய்ந்து நிற்கலாம் என்று பார்த்துவிட்டு வந்திருப்பான். முதல் வழியில் போனால், எதற்குப் பயந்து நாலு நாள் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தாரோ, அதைத் தன் கையாலேயே செய்ய வேண்டும். இரண்டாவது வழியில், செய்தானா இல்லையா என்று தெரியாமல் ஒரு ராத்திரி இருக்க வேண்டும். எது மோசம் என்று எம்ப்ரெட் நின்று யோசித்தார். மீன் பெட்டியைப் பார்த்தார். யோரனைப் பார்த்தார். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான், மரம் அளக்கிறவனுக்குப் பின்னால் நிற்கக் கூடாது என்று விரட்டப்பட்டவன் மாதிரி.

கைக்குட்டையை விரித்தார். போல்ட்டை மேஜைமேல் வைத்தார். கைக்குட்டையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"பத்து மணியா?"

"பத்து."

பஸ்ஸில் பாதி வழிவரை கை பாக்கெட்டுக்குள்ளேயே துழாவிக்கொண்டிருந்தது. இறங்கித் திரும்பிப் போகலாமா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் உட்கார்ந்தார். ஓட்டுநர் கடைசியில், "என்னண்ணே, மூலமா?" என்று கேட்டான்.

மறுநாள் பத்து மணிக்குத் துப்பாக்கி தயாராக இருந்தது. எம்ப்ரெட் போல்ட்டை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். நம்பரைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வெற்றுத் தோட்டாவைப் போட்டுத் திருப்பினார். இறங்கிப் பூட்டியது.

"சரியா?" என்றான் யோரன்.

"நம்பர் சரி. முன்னவிட பளபளன்னு இருக்கே?"

"எண்ணெய் போட்டேன்."

"யாரு போடச் சொன்னா?"

யோரன் வாசலுக்குப் போனான். கதவைத் திறந்துவிட்டான்.

பரீட்சையில் பலகையில் வரைந்த எல்க்கின் விலாவில் ஐந்து குண்டும் போய் உட்கார்ந்தன. ஆமுண்ட் கிட்டப்போய் விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"பரவால்ல மாப்ள. சதுப்போரம் உனக்குத்தான்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன வேணும்?"

"உன் மருமகன் கேட்டானே. அவன் ஒண்ணும் சொல்லலையா?"

"முந்தாநாளே மேட்டுப் பக்கம் போறேன்னுட்டான்."

எம்ப்ரெட் கணக்குப் போட்டார். இவ்வளவு சுலபத்தில் ஒருவன் ஒரு இடத்தை விட்டுக்கொடுக்கிறான் என்றால் அந்த இடத்தில் என்ன கோளாறு? மான் வழியை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நமக்கு மட்டும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஜனங்கள் சர்ச்சில் இருக்கிற நேரம் பார்த்து, தனியாகச் சதுப்போரம் போனார். ஈரப் பாசியில் பெரிய குளம்புத் தடங்கள் இருந்தன. எத்தனை நாள் பழசோ. கொஞ்சம் தள்ளி ஒரு குவியல் சாணம் கிடந்தது. இதையும் ஆமுண்டே அள்ளிக்கொண்டு வந்து போட்டிருப்பாரோ என்று குனிந்து, ஒரு உருண்டையை எடுத்து விரலால் பிட்டார்.

சூடாக இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இன்னொன்றையும் எடுத்துப் பிட்டார்.